அற்புதக் கதையும் காதற் கதையும்



கதை படிப்பவர்களை இரு தரப்பாரும் ஏசுவது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். வீட்டுப் பெரியவர்கள், பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று அஞ்சுவார்கள். விமரிசகர்கள், இலக்கியம் கெட்டுவிடும் என்று அஞ்சுவார்கள். இவர்களுடைய கோபம் பெரும்பாலும் இரண்டு வகைக் கதைகளின் மேல்தான் பாய்கிறது. நடக்க இயலாததை நடந்ததாகச் சொல்லும் அற்புதக் கதை ஒன்று. காதலர் இருவரைப் பிரித்து வைத்து, அவர்கள் கூடும் நாளுக்காக நம்மைக் காத்திருக்கச் செய்யும் காதற் கதை மற்றொன்று. இவ்விரண்டையும் ஆசையோடு படித்து வந்திருக்கிற ஒரு வாசகன் என்ற உரிமையிலேதான் இங்கே சில கருத்துக்களைச் சொல்ல முன்வந்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. தேனியிலிருந்து தென்மேற்கே கூடலூர் வரை நீண்டு கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கும், திண்டுக்கல்லிலிருந்து அதற்கு வரும் வழியிலுள்ள வத்தலக்குண்டும் பெரும்பகுதிக்குப் போதுமானவை.

முதலில் ஒரு செப்பேட்டைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளத்தாக்கின் நடுவே உள்ள சின்னமனூரில் பாண்டியர் செப்பேடுகள் இரு தொகுதிகள் கிடைத்தன. அவற்றுள் பெரியது, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பாண்டியனுடையது. பாண்டியர் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைத் தொடாமல் எழுத முடியாது. அதன் முற்பகுதியைப் படித்தால் நாம் ஓர் அற்புதக் கதைக்குள் புகுந்துவிட்டோமோ என்றே தோன்றும். பாண்டியர் குலத்துக்கு அகத்திய முனிவரின் தொடர்பு சொல்லப்படுகிறது. தேவருலகத்தோடு கலந்த செயல்கள் பழைய மன்னர்களுக்கு உரியனவாகப் பாடப்படுகின்றன. மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கியதும், மதுரையில் சங்கம் வைத்ததும் அந்தப் பெருமைகளின் வரிசையிலேயே இடம் பெறுகின்றன. பிற்பகுதிக்கு வந்தாலோ நடையே மாறிவிடுகிறது. ஒரு நிலக்கொடை; அதைப் பெறுகிறவர் இன்னார்; அதன் எல்லைகள் இன்னின்னவை என்று, கணக்குப் பிள்ளையின் கையெழுத்துப் போல அனைத்தும் திட்டமாக நிற்கின்றன.

எழுதியவர்க்கு இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியாமலா இருந்திருக்கும்? நன்றாகவே தெரிந்திருக்கும். எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்பதில் ஒரு சாண் பிழைத்தாலும் ஊரில் வழக்கு எழும். அகத்தியரைப் பற்றிய செய்தியை வைத்து எவரும் வழக்காடப் போவதில்லை. கேட்டவர்களும் ஒன்றை நெஞ்சை நிமிர்த்துவதற்காகவும், மற்றொன்றை வரப்பைக் காப்பதற்காகவும் கேட்டார்கள். ஒரே தகட்டில் இரண்டையும் வைத்துக்கொண்டு குழப்பமின்றி வாழ்ந்த மக்களை, கற்பனையையும் நடப்பையும் பிரித்தறியத் தெரியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்து, இந்தப் பள்ளத்தாக்கின் மேல்முனையிலே இருக்கும் மங்கலதேவி கோட்டத்துக்கு வருகிறேன். மதுரையை எரித்த கண்ணகி, வையைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்து, நெடுவேள் குன்றம் என்ற மலையில் ஏறி ஒரு வேங்கை மரத்தின் நிழலில் நின்றாள் என்றும், பதினான்காம் நாளில் கோவலனோடு வானவூர்தியில் ஏறி விண்ணுலகு சென்றாள் என்றும் சிலப்பதிகாரம் கூறுகிறது. தமிழில் காதற் கதையும் அற்புதக் கதையும் ஒன்றாய்க் கலந்த பெருநூல் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கரந்தையைச் சேர்ந்த புலவர் சி. கோவிந்தராசனார் அவர்கள், கண்ணகி நடந்த வழியைக் காப்பியத்தின் துணைகொண்டே தேடி, 1963-இல் கூடலூருக்கு மேலேயுள்ள இந்த மலைக்கோயிலைக் கண்ணகி கோட்டம் என்று அறிவித்தார். அறிஞர் எல்லாரும் இதை ஒருமுகமாக ஏற்றுக்கொண்டுவிடவில்லை. அந்தக் குன்றம் திருச்செங்கோடே என்று முன்பே கொண்டாரும் உண்டு. அந்த வழக்கைத் தீர்ப்பது இங்கே என் வேலை அன்று. வாசகனாக நான் வியப்பது வேறொன்றை.

மதுரையிலிருந்து இந்த மலையடிவாரம் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். பதினான்கு நாட்களுக்கு வகுத்தால், நாளொன்றுக்கு எட்டு அல்லது ஒன்பது கிலோமீட்டர் ஆகிறது. கணவனை இழந்து, உண்ணாமல் உறங்காமல், மேடு பள்ளம் பாராமல் செல்லும் ஒருத்தியின் நடை அவ்வளவுதான் இருக்கும். வானவூர்தியைக் கொண்டுவர அஞ்சாத ஒரு புலவர், நடக்கும் நாட்களை இத்தனை சிக்கனமாக எண்ணியிருக்கிறார் பாருங்கள். அதற்கு முன்னாலும் அப்படியே. அரசன் அவையில் கண்ணகிக்குத் தெய்வம் எதுவும் துணைக்கு வரவில்லை. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று அவள் சான்று காட்டி, சிலம்பை உடைத்து வழக்கை வெல்கிறாள். தெருவில் போகிற எந்தப் பெண்ணும் செய்யக்கூடிய வாதம் அது. வழக்கு முடிந்து, அரசன் மடிந்து, இனி மனிதரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்ற நிலை வந்த பிறகே நெருப்பு வருகிறது. நெருப்புக்குப் பிறகு பதினான்கு நாள் நடை வருகிறது. அதற்கும் பிறகுதான் ஊர்தி.

அற்புதக் கதைகளைப் படிக்கும்போது நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இங்கிருந்து பெற்றது. அற்புதம் நடக்கலாம், எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் நடக்கலாம். அதற்குரிய விலையை அந்தக் கதையில் யாரோ ஒருவர் கொடுத்திருக்கிறாரா என்று மட்டும் பார்ப்பேன். முதல் அத்தியாயத்திலேயே மந்திரவாளைக் கையில் கொடுத்துவிடும் கதைகள் எனக்குச் சலித்துப் போவதற்குக் காரணம் மந்திரம் அன்று. வாளைப் பெறுவதற்கு அந்த வீரன் ஒன்றும் இழக்கவில்லை என்பதே.

உரைநடை நவீனத்துக்கு வந்தாலும் இந்த அளவுகோல் பயன்படுகிறது. தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வெளிவந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர். சட்டமும் சாட்சியமும் அறிந்தவர். அப்படிப்பட்டவர் தம் கதாநாயகி ஞானாம்பாளுக்கு ஆண் வேடம் போட்டு, பட்டத்து யானை மாலையிட்டதாகச் சொல்லி, விக்கிரமபுரி என்ற நாட்டுக்கு அவளை அரசனாகவே ஆக்கிவிடுகிறார். பாட்டி கதை போலத்தான் இருக்கிறது. ஆனால் அரியணையில் ஏறிய ஞானாம்பாள் என்ன பேசுகிறாள்? தமிழ் நாட்டு நீதிமன்றங்களில் தமிழ் வழங்க வேண்டும் என்கிற பேச்சு அங்கேதான் வருகிறது. வழக்காட வந்த குடியானவனுக்கு விளங்காத மொழியில் அவனுடைய வழக்கு நடப்பதை ஆண்டுக்கணக்கில் கண்டு நொந்த ஒருவர், அதை மாற்றக்கூடிய அரசு இல்லாத காலத்தில், ஒரு யானையையும் ஒரு மாலையையும் கொண்டு அந்த அரசைக் கற்பனையில் அமைத்துக்கொண்டார். இதைப் பொழுதுபோக்கு என்று தள்ளுகிறவர்கள் புத்தகத்தை முழுவதும் படித்தார்களா என்று எனக்கு ஐயம் உண்டு.

காதற் கதைக்கு வருவோம். இங்கே வத்தலக்குண்டு நம்மை அழைக்கிறது. அவ்வூரிலே 1872-இல் பிறந்து, இருபத்தாறு வயதிலேயே 1898-இல் மறைந்த பி.ஆர். ராஜம் ஐயர், விவேக சிந்தாமணி என்ற பத்திரிகையில் 1893 முதல் 1895 வரை தொடராக எழுதியது கமலாம்பாள் சரித்திரம். பெரியாற்றில் அணைகட்டி, மேற்கே கடலுக்குப் போகும் நீரை மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பும் வேலையும் அந்த ஆண்டுகளிலேதான் நடந்து, 1895-இல் நிறைவெய்தியது என்பதை இடையிலே நினைத்துக்கொள்ளலாம். ஆற்றைத் திசை திருப்பிய கதையை யாரேனும் அதற்கு முன்னே எழுதியிருந்தால் அதையும் அற்புதக் கதை என்றே நகைத்திருப்பார்கள்!

ராஜம் ஐயர் செய்த புதுமை என்னவென்றால், மற்றவர்கள் கதையை முடிக்கிற இடத்துக்கு அப்பால் அவர் கதையைக் கொண்டு சென்றதுதான். நம் காதற் கதைகள் பெரும்பாலும் மணமேடையில் முடிந்துவிடும். முத்துஸ்வாமி ஐயரும் கமலாம்பாளும் கதை தொடங்கும்போதே பல ஆண்டுகள் கூடி வாழ்ந்த தம்பதிகள். அவர்களுக்கு இடையூறாக வருவது கோட்டையும் அன்று, கொடுங்கோலரசனும் அன்று, ஊரார் நாக்கு. கிணற்றடியிலும் திண்ணையிலும் பிறக்கிற அபவாதம் ஒரு நல்ல குடும்பத்தை எப்படிச் சிதறடிக்கிறது என்பதை அவர் காட்டும்போது, கடல் கொந்தளித்துக் கப்பல் உடைகிற காட்சிகளில் வராத நடுக்கம் எனக்கு வருகிறது. கிராமத்திலே வாழ்ந்தவர்களுக்கு அந்த நாக்கின் வலிமை தெரியும். கதையின் பிற்பகுதியிலே வேதாந்தம் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று குறை கூறுவார்கள். எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆயினும் கணவன் மனைவியரின் அன்பைச் சந்தேகத்திலே தோய்த்து எடுத்துப் பார்த்த அந்த இளைஞரின் துணிவுக்கு இணையாகச் சொல்ல எனக்கு அதிகம் பெயர்கள் தெரியவில்லை.

அவருக்குப் பின்னே வந்த முப்பது ஆண்டுகளில் வேறொரு வெள்ளம் பெருகிற்று. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோர் ஆங்கிலக் கதைகளைத் தழுவியும் தழுவாமலும் எழுதிக் குவித்தார்கள். மர்மமும் மோகமும் மாறுவேடமும் மலிந்த அந்த நூல்களைப் பற்றி நான் விரிவாகப் பேசப் போவதில்லை. அவற்றில் பலவற்றைப் படித்தேன், மறந்தேன். ஆனால் வை.மு. கோதைநாயகி அம்மாளை அந்தக் கூட்டத்திலே சேர்த்து மறந்துவிட முடியாது. பள்ளிக்கூடம் செல்லாமல், குழந்தைப் பருவத்திலேயே மணமாகி, திருமணத்துக்குப் பின்னரே எழுதப் படிக்கக் கற்றவர் அவர். 1925-இல் ஜகன்மோகினி பத்திரிகையைத் தம் பொறுப்பிலே ஏற்று நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். அவற்றின் இலக்கியத் தரத்தைப் பற்றி அறிஞர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அடுக்களையில் அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படித்த ஒரு தலைமுறைப் பெண்களுக்கு, தம்மைப் போன்ற ஒருத்தி எழுதிய புத்தகம் கையில் கிடைத்தது என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. பெண் நாவல் படித்தால் கெட்டுவிடுவாள் என்று சொல்லப்பட்ட காலத்திலே அவள் நாவலுக்காகவே படிக்கக் கற்றாள் என்றால், அந்த நாவலைப் பற்றிச் சற்று மரியாதையோடுதான் பேச வேண்டும்.

கல்கியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சை முடித்தால் நேயர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். பொன்னியின் செல்வன் 1950-இல் தொடங்கி 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. அண்மையில் 2022-லும் 2023-லும் இரு பாகத் திரைப்படமாகவும் வந்துவிட்டது. இந்தக் கதையின் மேல் எனக்குள்ள பற்றும் குறையும் இரண்டுமே பெரியவை. உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று இரவிதாசன் முதலியோரின் பெயர்களைக் கூறுகிறது. வல்லவரையர் வந்தியத்தேவர் குந்தவையின் கணவர் என்பதற்கும் கல்வெட்டுச் சான்று உண்டு. இவை சின்னமனூர்ச் செப்பேட்டின் எல்லைக்கற்கள் போன்றவை. நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் அந்த ஏட்டின் முற்பகுதியைச் சேர்ந்தவர்கள். கல்கி இந்த வேறுபாட்டை மறைத்தவர் அல்லர். வாசகர்களிலே சிலர்தான் இன்று நந்தினியின் பிறப்பைப் பற்றிச் சோழர் வரலாறு என்றே வாதாடுகிறார்கள். பழைய பாண்டிய நாட்டுக் குடிமக்களுக்கு இருந்த தெளிவு நமக்குக் குறைந்துவிட்டதோ என்று எனக்குக் கவலை உண்டாகிறது. வரலாற்றைக் கதைக்காரர் கெடுத்தார் என்று பழிப்பதைவிட, வாசகர் ஒரு முறையாவது கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

என் அளவுகோலால் பார்த்தால், வந்தியத்தேவன் எத்தனையோ இக்கட்டுகளில் இருந்து கீறல் கூடப் படாமல் தப்பிவிடுகிறான். அவனிடம் எனக்கு அன்பு உண்டு, அச்சம் உண்டானதில்லை. ஊமை ராணி மந்தாகினி வரும் இடங்கள் அப்படி அல்ல. பேச முடியாத அவள் தன் உயிரையே கொடுத்து ஒரு மன்னனைக் காக்கிறாள். அந்தப் பக்கங்களில் கல்கி தம் புகழுக்கெல்லாம் தகுதியுடையவராகிறார்.

கல்கி மரபின் தொடர்கதைகளை ஏற்காதவர்களுள் முதன்மையானவர் சி.சு. செல்லப்பா. அவர் பெயரின் முதலெழுத்தே சின்னமனூரைக் குறிப்பது. அங்கே 1912-இல் பிறந்து, வத்தலக்குண்டிலே வளர்ந்தவர். 1959-இல் எழுத்து என்ற இதழைத் தொடங்கி, 1970 வரை நடத்தினார். விற்பனையைப் பெருக்குவதற்காக எழுதுவதை அவர் சிறிதும் பொறுக்கவில்லை. தாம் பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். அவர் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை நான் ஏற்கிறேன். எழுத்தாளனுடைய கடமையை அவர் அறிந்த அளவுக்கு, உழைத்துக் களைத்து இரவிலே விளக்கடியில் கதைப் புத்தகத்தைப் பிரிக்கிற வாசகனின் பசியை அறிந்துகொண்டாரா என்பதிலேதான் என் கருத்து வேறுபாடு.

ஆனால் அவர் எழுதிய ஜீவனாம்சம் நாவலைப் படித்த பிறகு, இந்த வேறுபாட்டைக் கூட நான் சற்றுத் தாழ்ந்த குரலிலேயே சொல்கிறேன். இளம் வயதில் கணவனை இழந்த சாவித்திரி, அண்ணன் வீட்டில் இருக்கிறாள். புகுந்த வீட்டாரிடம் இருந்து சீவனாம்சம் கேட்டு அவள் பேரில் வழக்கு நடக்கிறது. வீட்டுச் சுவர்களுக்குள்ளே அவள் மனத்தில் ஓடும் நினைவுகளே கதை. அற்புதம் ஒன்றும் நிகழவில்லை. காதல் என்ற சொல்லுக்கே அங்கே இடம் குறைவு. இறந்துபோன கணவனின் வீட்டாரை எதிர்த்து வழக்கில் வெல்வதா, அந்த வீட்டுப் பெண்ணாகவே இருப்பதா என்று அவள் மனம் ஊசலாடுகிறது. கணவனை இழந்த ஒருத்தியும் ஒரு வழக்கும் என்று பார்த்தால், மங்கலதேவி மலையின் கதையும் இதுவும் ஒரே பொருளில் எழுந்தவை. ஒருத்தி சிலம்பை உடைத்தாள். இவள் எதையும் உடைக்காமல், வழக்கில் வரக்கூடிய பணத்தை மனத்தால் ஒதுக்கிவிட்டு, புகுந்த வீட்டுப் பக்கமே சாய்கிறாள்.