கொல்கத்தா பார்க் தெருக் கல்லறைத் தோட்டம்

கொல்கத்தாவின் பார்க் தெரு உணவகங்களுக்குப் பேர்போனது. 18ஆம் நூற்றாண்டில் அதன் பெயர் இடுகாட்டுச் சாலை. ஊர்க்கோடியில் இருந்த அந்தச் சாலை வழியாக, இரவில் தீவட்டி வெளிச்சத்தில் சவ ஊர்வலங்கள் சென்றன. அவை சென்று சேர்ந்த இடங்களில் ஒன்றுதான் தென் பார்க் தெருக் கல்லறைத் தோட்டம். நகர நடுவில் இருந்த பழைய இடுகாடு நிரம்பிவிட்டதால் 1767இல் இது திறக்கப்பட்டது. 1790ஆம் ஆண்டளவில் மூடப்பட்டதாகச் சொல்லப்பட்டாலும், 1830களின் தொடக்கம் வரை இங்கு அடக்கங்கள் நடந்தன.

உள்ளே நுழைபவர் முதலில் வியப்பது கல்லறைகளின் அளவைக் கண்டுதான். எகிப்தியப் பிரமிடுகள், கூர்நுனித் தூண்கள், கிரேக்கக் கோயில் போன்ற மண்டபங்கள், கும்மட்டங்கள் என ஒரு சிறு நகரமே பாசி படிந்து நிற்கிறது. சிலுவைகள் மிகக் குறைவு. பெரும்பாலானவை செங்கல்லில் கட்டிச் சுண்ணாம்புக் காரை பூசப்பட்டவை. அவற்றைக் கட்டிய கொத்தனார்களின் பெயரைக் கற்கள் சொல்வதில்லை.

அடுத்து கண்ணில் படுவது வயது. கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தர்கள், படை அதிகாரிகள், அவர்களின் மனைவியர், கைக்குழந்தைகள் எனப் பலரும் முப்பதைக் காணாமலே இறந்திருக்கிறார்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் பிரசவமும் அவர்களைக் கொண்டுபோயின. இரண்டு மழைக்காலமே மனித ஆயுள் என்ற பேச்சு இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயரிடையே வழங்கியது. கம்பெனி வரலாறு என்றால் போர்களும் ஒப்பந்தங்களும் ஆளுநர்களும்தான் பாடநூலில் இருக்கும். அந்த வரலாறு எத்தனை சிறு வயதுக்காரர்களைக் கொண்டு நடந்தது என்பதை இங்கே அரைமணி நேரம் கற்களைப் படித்தாலே தெரிந்துகொள்ளலாம். இத்தகைய இடங்களுக்கு மக்கள் விரும்பி வருவதற்கு அமைதியும் மரநிழலும் மட்டும் காரணமல்ல.

ரோஸ் அய்ல்மர் என்ற பெண்ணின் கல்லறை இதற்கு எடுத்துக்காட்டு. நீதிபதி சர் ஹென்றி ரசல் வீட்டில், அவர் மனைவியான தன் சித்தியுடன் தங்குவதற்காகக் கல்கத்தா வந்தவர் அவர். 1800 மார்ச்சில், இருபது வயதில் இறந்தார். அன்னாசிப்பழத்தை அளவுமீறித் தின்றதே காரணம் என வில்லியம் ஹிக்கி தம் நினைவுக்குறிப்பில் எழுதினார். வேல்ஸ் நாட்டில் ரோசுடன் பழகியிருந்த கவிஞர் வால்ட்டர் சாவேஜ் லேண்டர், செய்தி கேட்டு எட்டே வரிகளில் ஓர் இரங்கற்பா எழுதினார். அது ஆங்கில இலக்கியத்தில் நிலைத்துவிட்டது. முறுக்கிய தூண் வடிவிலான அவருடைய கல்லறையிலும் பிற்காலத்தில் அது பொறிக்கப்பட்டது.

இங்குள்ள மிக உயரமான கூர்நுனித் தூணின் கீழ் இருப்பவர் சர் வில்லியம் ஜோன்ஸ் (1746–1794). 1784இல் ஆசியக் கழகத்தை நிறுவியவர். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று 1786இல் உரையாற்றியவர். முப்பது ஆண்டுகள் கழித்து, 1816இல், தென்னிந்திய மொழிகள் அந்தக் குடும்பத்தைச் சேராத தனிக் குடும்பம் என்று சென்னையில் எல்லிஸ் நிறுவியபோது, ஜோன்ஸ் தொடங்கிய ஆய்வு மரபு வேறு திசையில் விரிந்தது.

சார்லஸ் ஸ்டூவர்ட்டின் கல்லறை ஓர் இந்துக் கோயிலின் வடிவில் இருக்கிறது. அயர்லாந்தில் பிறந்த இந்தப் படைத்தலைவர் நாள்தோறும் கங்கையில் நீராடியவர், சிலைகள் சேகரித்தவர். ‘இந்து ஸ்டூவர்ட்’ என்றே அறியப்பட்ட அவர் 1828இல் இறந்தார். தாம் வழிபட்ட சிலைகளுடனேயே கிறித்தவ இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் திரட்டிய சிற்பங்களில் பல இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

வங்காளிகள் தேடி வருவது பெரும்பாலும் டெரோசியோவின் கல்லறையை. இந்து கல்லூரி ஆசிரியராக இருந்து, எதையும் கேள்வி கேட்கும்படி மாணவர்களைத் தூண்டியதற்காக 1831 ஏப்ரலில் வேலையை இழந்தார். அதே ஆண்டு டிசம்பரில் வாந்திபேதியில் இறந்தபோது அவருக்கு வயது 22. சத்யஜித் ராய் தம் ஃபெலூடா துப்பறியும் கதைகளில் ஒன்றுக்கு இந்தத் தோட்டத்தையே களமாக்கினார்.

இத்தனையும் எஞ்சியிருப்பது தற்செயல் என்றே சொல்ல வேண்டும். சாலையின் எதிர்ப்புறத்தில் இருந்த வட பார்க் தெருக் கல்லறைத் தோட்டம் 1950களில் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் கட்டடங்கள் எழுந்தன. நாவலாசிரியர் தாக்கரேயின் தந்தை ரிச்மண்ட் தாக்கரே 1815இல் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். தென்புறத் தோட்டமும் நெடுங்காலம் புதர் மண்டிக் கிடந்தது. 1970களின் இறுதியில் பாதுகாப்பு முயற்சிகள் தொடங்கிய பிறகே கற்கள் மீண்டும் படிக்கக் கிடைத்தன.

அடக்கம் நின்று ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் இங்கு ஒரு கல்வெட்டு புதிதாக வந்து சேர்ந்தது. சார்லஸ் டிக்கன்சின் மகன் வால்ட்டர் 16 வயதில் படைப்பணிக்காக இந்தியா வந்து, 1863 டிசம்பர் 31 அன்று, 22 வயதில் கல்கத்தாவில் இறந்தார். தந்தையை அச்செய்தி எட்டியது 1864 பிப்ரவரி 7 அன்று, அவருடைய 52ஆம் பிறந்தநாளில். வால்ட்டரின் கல்வெட்டு 1987இல் பவானிப்பூர் இடுகாட்டிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டது. அவருடைய முழுப்பெயர் வால்ட்டர் லேண்டர் டிக்கன்ஸ். ரோஸ் அய்ல்மருக்கு இரங்கற்பா எழுதிய அதே லேண்டர்தான் அவருடைய ஞானத்தந்தை. உடல் இன்னும் பவானிப்பூரிலேயே இருக்கிறது.