காஞ்ச கச்சிபௌலி நிலப் போராட்டம்

ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டியுள்ள 400 ஏக்கர் பசுமை நிலத்தைக் காக்க, அப்பல்கலைக்கழக மாணவர்கள் 2025ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடத்தியது காஞ்ச கச்சிபௌலி நிலப் போராட்டம். நிலம் யாருக்குச் சொந்தம் என்ற நெடுநாள் வழக்கு தீர்ந்த பிறகு, அது காடா இல்லையா என்ற கேள்வியை எழுப்பி உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றது இப்போராட்டம்.

நிலமும் உயிரினங்களும்

தனி மாநிலம் கோரிய தெலங்கானா, ஜெய் ஆந்திரா கிளர்ச்சிகளுக்குப் பின் உருவான ஆறு அம்சத் திட்டத்தின்படி, நாடாளுமன்றச் சட்டம் வழியாக 1974இல் ஹைதராபாத் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. நகரின் மேற்கே ஏறத்தாழ 2,300 ஏக்கர் அதற்கென ஒதுக்கப்பட்டது. ஆயினும் நில உரிமை முறைப்படி பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மாற்றப்படவில்லை. பின்னாளைய சிக்கல்களுக்கு வேர் இதுவே.

தக்காணத்துக் கருங்கல் பாறைகள், புதர்க்காடு, ஏரிகள் ஆகியவை சேர்ந்த நிலப்பரப்பு இது. ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்தாற்போல் நிற்கும் 'காளான் பாறை' இங்குள்ள பெயர்பெற்ற அடையாளம். புள்ளிமான், மயில், நட்சத்திர ஆமை ஆகியவற்றுடன் இருநூறுக்கும் மேற்பட்ட பறவையினங்கள் வளாகத்தில் காணப்படுகின்றன. 2010இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான 'முரீசியா ஹைதராபாதென்சிஸ்' என்னும் சிலந்தியும் இவ்வளாகத்தில் கண்டறியப்பட்டதே. சுற்றிலும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் கட்டடங்கள் பெருகப் பெருக, இந்த உயிர்களுக்கு எஞ்சிய புகலிடமாக இந்நிலம் ஆனது.

உரிமை வழக்கு

2004இல் சந்திரபாபு நாயுடு தலைமையிலான ஒன்றுபட்ட ஆந்திர அரசு, விளையாட்டு வசதிகள் அமைப்பதற்காக ஐ.எம்.ஜி. அகாடமீஸ் பாரதா நிறுவனத்துக்கு 400 ஏக்கரை ஒதுக்கியது. அடுத்து வந்த ராஜசேகர ரெட்டி அரசு 2006இல் அதை ரத்து செய்தது. நிறுவனம் தொடுத்த வழக்கு 2024 மார்ச்சில் தெலங்கானா உயர் நீதிமன்றத்திலும், மே மாதம் உச்ச நீதிமன்றத்திலும் தள்ளுபடியானது. நிலம் தெலங்கானா அரசின் கைக்கு வந்தது. அதைப் பெற்ற தெலங்கானா தொழில் உட்கட்டமைப்புக் கழகம், தகவல் தொழில்நுட்பப் பூங்கா உள்ளிட்ட திட்டங்களுக்காக ஏலம் விட முனைந்தது. 50,000 கோடி ரூபாய் முதலீடும் 5 லட்சம் வேலைகளும் வரும் என்றது அரசுத் தரப்பு.

போராட்டம்

2025 மார்ச் 30, உகாதி நாளன்று, போலீஸ் காவலுடன் மண்வாரி இயந்திரங்கள் உள்ளே நுழைந்தன. தடுக்கச் சென்ற மாணவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பிடித்துச் செல்லப்பட்டனர். இரவிலும் விளக்கு வெளிச்சத்தில் வேலை நடந்தது. இயந்திர இரைச்சலுக்கு நடுவே மயில்கள் அகவும் ஒலி பதிவான காணொளிகள் நாடெங்கும் பரவின. மாணவர் சங்கம் வகுப்புகளைப் புறக்கணித்தது. தொழில் உட்கட்டமைப்புக் கழகத்துடன் சேர்ந்து எல்லை வரையறுத்ததாகச் சொல்லப்பட்டதைப் பல்கலைக்கழக நிர்வாகமும் மறுத்தது. பரவிய படங்களில் சில செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டவை என்று கூறி அரசு வழக்குகள் பதிந்தது. மாணவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற ஏப்ரலில் துணை முதல்வர் உத்தரவிட்டார்.

நீதிமன்றங்களில்

பொதுநல மனுக்களை விசாரித்த தெலங்கானா உயர் நீதிமன்றம், ஏப்ரல் 2 அன்று பணிகளை நிறுத்தச் சொன்னது. மறுநாள் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதன் பணிப்பின்படி நேரில் பார்வையிட்ட உயர் நீதிமன்றப் பதிவாளர், ஏறத்தாழ 100 ஏக்கரில் மரங்கள் அழிக்கப்பட்டதையும் அப்பகுதியில் மயில்களும் மான்களும் திரிவதையும் அறிக்கையாக அளித்தார். மரம் வெட்டக் கூடாது என்று நீதிபதிகள் பி.ஆர்.கவாய், ஏ.ஜி.மசி அமர்வு தடை விதித்தது. தொடர் விடுமுறை நாள்களில் இத்தனை அவசரம் எதற்கு என்றும் வினவியது.

இவ்வழக்கின் அடிப்படை 1996ஆம் ஆண்டு கோதவர்மன் தீர்ப்பு. அரசுப் பதிவேட்டில் காடு என்று குறிக்கப்படாவிட்டாலும், யாருக்குச் சொந்தமானாலும், அகராதிப் பொருளில் காடாக உள்ள நிலத்துக்கு வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்றது அத்தீர்ப்பு. அதன்படி பார்த்தால், உரிமை வழக்கில் அரசு வென்றதாலேயே மரம் வெட்டும் உரிமை கிடைத்துவிடாது.

மே மாத விசாரணையில், அழித்த காட்டை மீட்டுத் தராவிட்டால் அதிகாரிகள் சிறை செல்ல நேரும் என்று உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. ஆகஸ்டு 13 அன்று, வளர்ச்சிக்கு எதிராக நிற்கவில்லை என்று கூறி, காட்டைப் பேணும் திட்டத்தை அளிக்க மாநில அரசுக்கு ஆறு வாரம் அவகாசம் தந்தது.

முக்கியத்துவம்

ஆவணத்தில் 'தரிசு' என்றோ 'புறம்போக்கு' என்றோ இருக்கும் நிலமும் உயிர்வளம் மிக்க காடாக இருக்கக்கூடும் என்பதை இப்போராட்டம் பொதுவிவாதமாக்கியது. பல்லாண்டுகளாக வளாகத்தின் பறவைகளையும் செடிகொடிகளையும் மாணவர்களும் ஆசிரியர்களும் பொறுமையாகப் பதிவு செய்து வந்ததே அவர்கள் வாதத்துக்கு வலுச் சேர்த்தது. நகரை ஒட்டிய பல்கலைக்கழக வளாகங்கள் அனைத்தும் தம் நிலத்தின் உயிரினங்களை இப்போதே கணக்கெடுத்து வைக்க வேண்டும். இயந்திரங்கள் வந்த பிறகு அதற்கு நேரம் இருக்காது.