கபாலத்தள ரண சிகிச்சை

மூளைக்குப் பீடமாகவும் நாசிக்கும் தொண்டைக்கும் கூரையாகவும் அமைந்த எலும்புப் பகுதி கபாலத்தளம் எனப்படும். பார்வை, செவி, முகம் ஆகியவற்றுக்குரிய நரம்புகளும் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளும் இத்தளத்தின் துவாரங்கள் வழியே நெருங்கிச் செல்லுகின்றமையால், இங்கே தோன்றும் கட்டி நெல்லிக்காயளவே ஆயினும் பார்வையையோ செவியையோ பறித்துவிடக்கூடும். பிட்யூட்டரிக் கட்டி, மூளையுறைக் கட்டி, செவிநரம்புக் கட்டி, மூளைநீர்க் கசிவு ஆகியவை இப்பகுதியின் முக்கிய வியாதிகள்.

பண்டை எகிப்தியர் பிரேதங்களைப் பதனிடுகையில் மூக்கின் வழியே இரும்புக் கொக்கியை நுழைத்து மூளையை எடுத்தனர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார். எனினும் அது சிகிச்சையன்று. மூளையிலிருந்தே சளி மூக்குக்கு இறங்குகிறது என்ற பழங்கொள்கையை 1660இல் ஜெர்மன் வைத்தியர் ஷ்னைடர் மறுத்தார்.

1886இல் பியர் மாரி என்ற பிரெஞ்சு வைத்தியர், கை, கால், தாடை ஆகியவை பெருக்கும் அக்ரோமெகலி வியாதியை வருணித்த பின்னரே, அதற்குக் காரணமான, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின்பால் வைத்தியர்களின் கவனம் திரும்பியது. லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி 1889இலேயே மண்டையைத் திறந்து இச்சுரப்பியை அணுகினார் என்பர். அவர் தம் அனுபவத்தை 1906இல்தான் வெளியிட்டாராதலால், முதன்மை யாருக்குரியது என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு.

மூக்கின் வழியைத் திறந்தவர் ஹெர்மன் ஷ்லோபர் என்பதில் ஐயமில்லை. 1907 மார்ச் 16ஆம் தேதி, இன்ஸ்புருக் நகரில், ஒரு நோயாளியின் மூக்கை ஒரு புறமாகப் புரட்டி, உள்ளெலும்புகளை அகற்றி, சுரப்பிக்குக் கீழுள்ள ஸ்பீனாய்டு எலும்பின் குடைவைக் கடந்து அவர் கட்டியை எட்டினார். நோயாளி சில வாரங்களுக்குப் பின் இறந்தபோது, கட்டியின் பெரும்பகுதி எஞ்சியிருந்தது பிரேத பரிசோதனையில் தெரிந்தது. வியன்னாவின் நாசி வைத்தியர் ஆஸ்கார் ஹிர்ஷ், முகத்தில் தழும்பே இராதபடி, 1910இல் நாசித் துவாரத்தின் வழியாகவே சென்றார். மயக்க மருந்து தராமல், கொக்கேயின் தடவி மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கையிலேயே, ஒரே மூச்சில் முடிக்காமல் சில வாரங்களில் பல கட்டங்களாக வேலையை நடத்திய அவரது பொறுமை குறிப்பிடத்தக்கது. யூதராகிய அவர், நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றிய 1938இல் வியன்னாவை விட்டு பாஸ்டன் சேர்ந்தார்.

அமெரிக்காவில் ஹார்வி குஷிங், மேலுதட்டின் உட்புறத்தைக் கீறிச் செல்லும் வழியைக் கைக்கொண்டு, 1910 முதல் 1925 வரை 231 பேருக்குச் சிகிச்சை செய்தார். மரணம் நூற்றுக்கு 5.6. இத்தகைய பலனைக் கண்டவரே பின்னர் அவ்வழியைக் கைவிட்டு மண்டையைத் திறக்கும் முறைக்குத் திரும்பினார். பார்வை நரம்புகளை நேரில் கண்டு விடுவிக்க அம்முறை உதவியதே காரணம் என்பர் சிலர். குறுகிய குழியில் வெளிச்சம் போதாமையே காரணம் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், குருவைப் பின்பற்றி உலகமும் அவ்வழியை மறந்தது.

மறவாதவர் எடின்பரோவின் நார்மன் டாட். குஷிங்கிடம் பயின்ற அவர், விரிப்பான் கருவியின் நுனியிலேயே சிறு விளக்கைப் பொருத்தி அவ்வித்தையைக் காப்பாற்றி, 1956இல் பாரிஸிலிருந்து வந்த ஜெரார் கியோவுக்குக் காட்டினார். கியோவிடம் பயின்ற மான்ட்ரியாலின் ஜூல் ஹார்டி, 1960களில் நுண்ணோக்கியைப் பிரயோகித்து, சுரப்பிக்குச் சேதமின்றிச் சிறு கட்டியை மட்டும் பிரித்தெடுத்தார்.

அதே காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் வில்லியம் ஹவுஸ் காதெலும்பின் வழியே செவிநரம்புக் கட்டிகளை அணுகினார். ஸ்வீடனில் லார்ஸ் லெக்ஸெல் 1968இல், கதிர்களைக் கட்டியில் குவிக்கும் காமா கத்தியைக் கொணர்ந்தார். 1990களில், நாசியினுள் நுழைத்துப் பார்க்கும் எண்டாஸ்கோப் என்ற குழாய்க் கருவி வந்தது. நாசி நடுச்சுவரின் சவ்வை இரத்த ஓட்டத்துடன் திருப்பி, கபாலத்தளத்தில் ஏற்பட்ட ஓட்டையை மூடும் முறை, 2006இல் அர்ஜென்டினா வைத்தியர்கள் வெளியிட்டபின், மூளைநீர்க் கசிவைப் பெரிதும் குறைத்தது. மூக்கிலிருந்து கபாலத்தளம் நோக்கிப் படரும் கறுப்புப் பூஞ்சை நோய் 2021இல் இந்தியாவில் பரவியபோதும் எண்டாஸ்கோப் பயன்பட்டது.

இன்று கட்டியின் இடமும் இயல்புமே சிகிச்சையை நிர்ணயிக்கின்றன. புரொலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரிக் கட்டிகளுக்குப் பெரும்பாலும் மாத்திரையே முதற் சிகிச்சை. தலையில் அடிபட்டபின் ஒரு நாசியில் மட்டும் தெளிந்த நீர் ஒழுகுமாயின், அது மூளைநீராக இருக்கக்கூடுமாதலால், ஜலதோஷமென்று எண்ணி வாளாவிராமல் உடனே வைத்தியரிடம் காட்டுதல் அவசியம்.