போங்காட்டம்!

தை பிறந்ததும் கள்ளக்குறிச்சிப் பக்கம் போய்ப் பாருங்கள். சின்னசேலம், சங்கராபுரம், கல்வராயன் மலை அடிவாரத்துக் கச்சிராயபாளையம்... இந்தப் பக்கத்து ஊர்களில் பொங்கல் என்றால் கபடியும் சேர்ந்தே வரும். சுண்ணாம்புக் கோடு, டியூப் லைட், கரகரக்கும் மைக் செட். பாடிப் போனவன் மூன்று பேர் நடுவே புகுந்து, துள்ளி, நடுக்கோட்டில் கை வைத்து எழுகிறான்.

''தொட்டுட்டேன்!''

''எங்கடா தொட்ட? காத்துதான் பட்டுச்சு!''

அவ்வளவுதான். அடுத்த பத்து நிமிஷம் ஆட்டம் நின்றுவிடும்.

யோசித்துப் பாருங்கள். விரல் பட்டதா இல்லையா என்பது நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். தொட்டவனும் தொடப்பட்டவனும். நடுவர் உட்பட மற்ற எல்லோரும் கண்ணை நம்பிக் கணக்குப் போடுபவர்கள்தான். கபடியின் கடந்த நூறு வருஷ வரலாறு, அந்த இரண்டு பேரையும் ஒரே பதில் சொல்லவைக்க நடந்த போராட்டம்!

சின்ன வயதில் நாம் ஆடியபோது நடுவர் ஏது? ரப்பர் பந்தால் முதுகில் 'பொளேர்' என்று வைக்கும் பேய்ப்பந்து ஞாபகமிருக்கிறதா? அதற்குப் பங்காளி முறையான 'டாட்ஜ்பால்' ஆட்டத்தை வெளிநாடுகளில் வேலைக்குப் போகும் பெரியவர்களே லீக் வைத்து ஆடுகிறார்கள். அங்கே பல லீக்குகளில் முக்கியமான சட்டம் என்ன தெரியுமா? பந்து உன் மேல் பட்டால், யாரும் சொல்வதற்கு முன்னால் நீயே வெளியே போ.

நம் தெருச் சட்டமும் அதுதான். யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால், மீறியவனுக்குப் பட்டம் தயாராக இருக்கும்: போங்காட்டம், அழுகுணி ஆட்டம். தண்டனை? 'நாளைக்கு உன்னை ஆட்டத்துல சேர்த்துக்க மாட்டோம்.' பத்து வயதுப் பையனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? கூடவே கொஞ்சம் கருணையும் இருந்தது. ஓடத் தெரியாத பொடியனை 'ஒப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்துக்கொண்டு, அவுட்டே இல்லாமல் ஓடவிட்டோம், இல்லையா?

ஆனால், தெருச் சட்டம் தெருமுனையைத் தாண்டினால் செல்லாது. நம் சடுகுடு, மகாராஷ்டிராவில் ஹுதுது, வங்கத்தில் ஹாடுடு. பெயர் மட்டுமா வேறு? 'சஞ்சீவினி' என்ற வகையில், எதிரணியில் ஒருவர் அவுட்டானால் நம் ஆள் ஒருவர் உயிர்பெற்று உள்ளே வரலாம். 'காமினி'யில் போனவர் போனவர்தான். முழு அணியும் காலியாகும்வரை திரும்ப முடியாது. 'அமர்' வகையில் அவுட்டானவர் வெளியே போகவே வேண்டாம். எதிரணிக்குப் புள்ளி மட்டும் ஏறும். இந்த மூன்று ஊர்க்காரர்களையும் ஒரே களத்தில் இறக்கினால்... முதலில் நடப்பது ஆட்டமாக இருக்காது!

அதனால் சட்டம் அச்சுக்குப் போனது. 1923-ல் பரோடாவில் விதிகளை அச்சிட்டு, அதன்படியே ஓர் அகில இந்தியப் போட்டியும் நடந்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸின்போது அமராவதியின் ஹனுமான் வ்யாயாம் பிரசாரக் மண்டல் குழுவினர் அங்கே கபடி ஆடிக் காட்டினார்கள். 1950-ல் அகில இந்திய சம்மேளனம் பிறந்தது. 1952-ல் ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி நடந்தது எங்கே தெரியுமா? நம்ம சென்னையில்!

அப்புறம் எல்லாவற்றுக்கும் அளவு வந்துவிட்டது. ஆண்கள் களம் 13-க்கு 10 மீட்டர். களத்தில் 7 பேர். பாடிப் போக 30 விநாடி. சேட்டை செய்தால் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள். புத்தகம் தடிமனாகிவிட்டதே, சண்டை ஒழிந்ததா?

2023 அக்டோபர் 7. சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஆண்கள் கபடி இறுதியில் இந்தியாவும் இரானும். 1990 முதல் 2014 வரை தொடர்ந்து ஏழு தங்கம் வாங்கிய இந்தியாவை 2018 அரையிறுதியில் கவிழ்த்தது இதே இரான்தான். அந்தச் சூடு ஆறவில்லை. கடைசி நிமிஷங்களில் ஸ்கோர் 28-28. கேப்டன் பவன் செராவத் பாடிப் போகிறார். யாரையும் தொடாமலே பக்கவாட்டு 'லாபி'க்குள் போய்விடுகிறார். அவரைப் பிடிக்க இரான் வீரர்களும் பின்னாலேயே பாய்கிறார்கள்.

யார் அவுட்?

சர்வதேச விதிப்படி, தொடாமல் லாபிக்குள் போன எல்லோருமே அவுட். புரோ கபடியில் மாற்றிய விதிப்படி, பாடிப் போனவர் மட்டும் அவுட். ஒரு களம், இரண்டு சட்டம்! தீர்ப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறிக்கொண்டே இருந்தது. வீரர்கள் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மணி நேரம்போல ஆட்டம் நின்றது. கடைசியில் 33-29 என்று இந்தியாவுக்குத் தங்கம். ஆனால், அன்று ஜெயித்தவர்களை விட அந்த விதியைப் பற்றித்தான் ஊரே பேசியது.

நேர் எதிராக இன்னொரு ஆட்டம் இருக்கிறது. 1968-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்கள் உருவாக்கிய 'அல்டிமேட்', அதாவது பிளாஸ்டிக் தட்டை வீசிப் பிடிக்கும் ஆட்டம். சென்னைக் கடற்கரை மணலில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். உலகப் போட்டியில்கூட இதற்கு நடுவர் கிடையாது! ஃபவுலை வீரர்களே சொல்லவேண்டும். எதிராளி ஒப்புக்கொள்ளவில்லையா? தட்டு பழைய இடத்துக்கே திரும்பும், மறுபடி ஆடு. ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் நேர்மைக்கு ஐந்து தலைப்புகளில் மார்க் போடுகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு வரை.

பி.காம். படித்தவனுக்கு இது எளிதில் புரியும். நடுவர் என்பவர் ஆடிட்டர். அவர் சரிபார்க்கத்தான் முடியும். முதல் பதிவை நேர்மையாக எழுதவேண்டியவர் கணக்குப்பிள்ளை.

உங்கள் அபார்ட்மென்ட்டிலோ ஆபீஸிலோ இந்த ஞாயிற்றுக்கிழமை பந்தாட்டமோ கபடியோ வைக்கப்போகிறீர்களா? டாஸ் போடுவதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பேசி முடியுங்கள். எந்த ஊர்ச் சட்டம்? தகராறு வந்தால் மறுபடி ஆடுவதா, விட்டுக்கொடுப்பதா? ஆட வராதவரையும் குழந்தையையும் எப்படிச் சேர்த்துக்கொள்வது?

நாலாவது விஷயத்தைப் பேசி முடிக்க முடியாது. பந்து உங்கள் மேல் உரசிப் போகும். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அப்போது நீங்களாகவே கையைத் தூக்கிவிட்டு வெளியே வருவீர்களா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஆட்டம் நடக்குமா என்பது அதில்தான் இருக்கிறது!