பெட்ரோலுக்கும் எக்ஸ்பைரி டேட் உண்டு

  இன்னைக்கு எழுத உக்காந்ததுக்குக் காரணம் ஒரு லான் மோவர். அதாங்க, புல்வெட்டி. சிரிக்காதீங்க, நிஜமாத்தான்.

நான் பொட்டி தட்டுறது அமெரிக்காவுல, இல்லினாய் மாநிலத்துல, ப்ளூமிங்டன்ங்கற ஊர்ல. ஊரைத் தாண்டினா எந்தத் திசையில போனாலும் மக்காச்சோளக் காடுதான். எங்க பக்கத்து வீட்டுப் பெரியவரும் அந்தக் காலத்து மக்காச்சோள விவசாயி. போன செப்டம்பர்ல மகள் வீட்டோட போய்த் தங்கக் கிளம்பினார். போறப்ப, தான் பதினெட்டு வருஷமா வச்சிருந்த மோவரை எனக்குக் கொடுத்துட்டார். காசு கொடுத்தப்ப வாங்கிக்கலை. ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார்: பனி விழறதுக்கு முன்னாடி டேங்க்ல இருக்கற பெட்ரோலைக் காலி பண்ணிடணும். நானும் தலையை ஆட்டினேன். நாமெல்லாம் லைசென்ஸ் அக்ரிமென்ட்டைப் படிக்காம ஓகே அமுக்குற ஜாதி ஆச்சே!

ஏப்ரல்ல புல் முழங்காலுக்கு வந்திடுச்சு. மோவரை வெளிய எடுத்து கயித்தை இழுத்தேன், இழுத்தேன், தோள்பட்டை கழண்டு விழற வரைக்கும் இழுத்தேன். ஒரு இருமல்கூட இல்லை. மெக்கானிக் கார்புரேட்டரைக் கழட்டிக் காமிச்சார். அடியில தேன் மாதிரி பழுப்பா ஒரு பிசின், ஓரமெல்லாம் வெள்ளையா பூத்துப் போயிருந்தது. அவர் கேட்டது ஒரே கேள்வி: பெட்ரோல் எப்ப வாங்கினது? ஆகஸ்ட்ல வாங்கின கேன், பெரியவரே விட்டுட்டுப் போனதுன்னேன். சிரிச்சார். கார்புரேட்டரையே மாத்த வேண்டியதாப் போச்சு.

அடுத்த வாரம் பெரியவர் போன் பண்ணி மோவர் எப்படி ஓடுதுன்னு விசாரிச்சார். சூப்பரா ஓடுதுன்னு சொல்லிட்டேன். அந்தப் பொய் ரெண்டு நாளா உறுத்திக்கிட்டே இருந்துச்சு. பாலும் மாவும் புளிக்கும், சரி. பெட்ரோல் எப்படிங்க கெட்டுப் போகும்? தேட ஆரம்பிச்சா, கதை நூறு வருஷம் பின்னாடி போகுது.

ஆரம்பத்துல பெட்ரோல்ங்கறது கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிச்சு எடுத்தது மட்டும்தான். அதுல வினைபுரியற சமாச்சாரம் குறைவு. ஃபோர்டு கம்பெனிக்காரங்க காரை ஆயிரக்கணக்குல தள்ள ஆரம்பிச்சதும் அந்தப் பெட்ரோல் பத்தலை. ஸ்டாண்டர்டு ஆயில் ஆஃப் இண்டியானாவுல வில்லியம் பர்ட்டன்னு ஒரு வேதியியல் நிபுணர், கனமான எண்ணெயை அழுத்தத்துல சூடாக்கி, பெரிய மூலக்கூறுகளை உடைச்சு பெட்ரோலாக்குற வழியைக் கண்டுபிடிச்சார். 1913-ல் அதுக்குப் பேட்டன்ட் வாங்கினார். ஒரு பீப்பாயிலிருந்து கிடைக்கற பெட்ரோல் ஏறக்குறைய ரெண்டு மடங்காச்சு. ஆனா அது லேசா மஞ்சளா இருந்துச்சு, நாத்தமும் அடிச்சது.

அதைவிடப் பெரிய பிரச்சினை வேற. உடைச்ச மூலக்கூறுகள்ல சிலதுக்குக் கை சும்மா இருக்காது. காத்துல இருக்கற ஆக்சிஜனைப் பிடிச்சுக்கும், அப்புறம் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கும். கோத்துக் கோத்து சங்கிலி நீளமாகி, கடைசியில பிசினாகி அடியில படியும். என் கார்புரேட்டர்ல இருந்த தேன் இதுதான்.

இதுக்கு மருந்து வந்த வழி ஒரு விசித்திரம். முதல் உலகப்போர்ல பிரெஞ்சுக்காரங்க அக்ரோலீன்னு ஒரு கண்ணெரிச்சல் வாயுவை ஆயுதமாப் பயன்படுத்தப் பார்த்தாங்க. அது சேமிச்சு வச்ச இடத்துலயே கெட்டியாகிப் பாழாச்சு. ஷார்ல் மூரு, ஷார்ல் துஃப்ரெஸ்ன்னு ரெண்டு வேதியியல் அறிஞர்கள் (ரெண்டு பேருமே ஷார்ல்!) ஹைட்ரோகுயினோன் மாதிரி பொருட்களைத் துளியூண்டு கலந்தாலே இது நிக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. ஆக்சிஜனோட நடக்கற வினையைத் தடுக்கற இந்தச் சங்கதிதான் 1930-கள்ல பெட்ரோலுக்குள்ளயும் நுழைஞ்சது. இன்னைக்குக் கடையில ஸ்டா-பில் மாதிரி பேர்ல விக்கற ஸ்டெபிலைசர்லயும் முக்கியமான சரக்கு இந்த வகைதான். ஆனா இது தடுப்பூசி மாதிரி. பெட்ரோல் வாங்கின அன்னைக்கே கலக்கணும். கெட்டுப் போனதுக்கு அப்புறம் ஊத்தினா பெட்ரோல் திரும்பி வராது, ஊத்தினதும் சேர்ந்து வேஸ்ட்.

சரி, கார்ல இந்தத் தொல்லை ஏன் வர்றதில்லை? ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை டேங்க் காலியாகி புதுசு நிரம்புது. டேங்க்கும் காத்துப் புகாம மூடியிருக்கு. மோவர் அப்படி இல்லை. மூடியிலயே காத்துக்கு ஓட்டை உண்டு, வருஷத்துல பாதி நாள் தூக்கம்.

1830-ல் இங்கிலாந்துல ஸ்ட்ரவுட் பக்கத்துல எட்வின் பட்டிங் புல்வெட்டியைக் கண்டுபிடிச்சப்ப இந்தக் கவலையே கிடையாது. துணி ஆலையில துணியோட மேல்பஞ்சைச் செதுக்குற இயந்திரத்தைப் பார்த்து அவர் செஞ்சது அது, மனுஷன்தான் தள்ளணும். இன்ஜின் வச்சது பின்னாடி வந்துச்சு. 1952-ல் ஆஸ்திரேலியாவுல மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் தன் விக்டா மோவரோட முதல் மாதிரியில பெட்ரோல் டேங்க்கா மாட்டினது பீச் பழம் அடைச்சு வந்த பழைய தகர டப்பா! அமெரிக்காவுல அதுக்கு முன்னாடியே, 1947-லேர்ந்து, லெவிட்டவுன் மாதிரி குடியிருப்புகள் வரிசை வரிசையா முளைச்சாச்சு. அங்க வாரா வாரம் புல் வெட்டணும்னு விதியே இருந்துச்சு. அப்படித்தான் வீட்டுக்கு ஒரு குட்டி இன்ஜின், அதுக்குப் பக்கத்துல ஒரு பெட்ரோல் கேன்னு ஆச்சு.

கேன்னு சொன்னதும் ஜெர்ரிகேன் கதையைச் சொல்லாமப் போக மனசு வரலை. 1937-ல் ஜெர்மானியர்கள் உருவாக்கினது. 20 லிட்டர். மூணு கைப்பிடி, அதனால காலி கேன்னா ஒரே கையில ரெண்டு தூக்கலாம். தட்டினா மூடிக்கற மூடி, ஸ்பானர் வேண்டாம். மேல காத்துக்கு இடம் விட்டிருப்பாங்க, தண்ணியில மிதக்கும். பிரிட்டிஷ்காரங்க அப்ப வச்சிருந்தது நாலு காலன் தகர டின். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துல அந்த டின் ஒழுகி ஒழுகியே எரிபொருள்ல 30 சதவீதம் போச்சுன்னு ஜெனரல் ஆச்சின்லெக் கணக்குச் சொல்லியிருக்கார். இதுல நம்ம கல்கத்தாவுக்கும் ஒரு பங்கு இருக்கு. 1939-ல் பால் ப்ளைஸ்ங்கற அமெரிக்க இன்ஜினியர் ஒரு ஜெர்மன் நண்பரோட பெர்லின்லேர்ந்து இந்தியாவுக்குக் கார்லயே கிளம்பினார். தண்ணி வைக்க ஒண்ணும் இல்லைன்னு அந்த நண்பர் டெம்பல்ஹோஃப் விமான நிலையத்துலேர்ந்து மூணு ஜெர்ரிகேனை எடுத்துட்டு வந்தார். நண்பரைப் பாதி வழியில ஜெர்மனி திரும்பக் கூப்பிட்டுக்கிச்சு. ப்ளைஸ் தனியா கல்கத்தா வந்து, காரையும் கேன்களையும் அங்கயே விட்டுட்டு ஊர் திரும்பினார். அமெரிக்க ராணுவத்துக்கிட்ட இந்தக் கேனைப் பத்திச் சொன்னா யாரும் காதுல வாங்கலை. அப்புறம் காரை கல்கத்தாவுலேர்ந்து வரவழைச்சு கேனைக் காட்டினார். அப்பவும் பழைய கேனே போதும்னுட்டாங்க! பின்னாடி வேற வழியில்லாம காப்பியடிச்சாங்க, அது தனிக் கதை.

இனி எங்க ஊர்ச் சமாச்சாரம். 1978-ல் அமெரிக்க அரசு, 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு வரிச்சலுகை கொடுத்துச்சு. 2005-லயும் 2007-லயும் வந்த சட்டங்கள் எத்தனாலை இவ்வளவு கலந்தே ஆகணும்னு ஆக்கிடுச்சு. இப்ப இங்க பங்க்ல கிடைக்கறது பெரும்பாலும் எல்லாமே 10 சதவீதம் கலந்ததுதான். நாட்டுல விளையற மக்காச்சோளத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல எத்தனாலுக்குப் போகுது. ஓடுற காருக்கு இது பெரிய விஷயமில்லை. தூங்குற இன்ஜினுக்குத்தான் வினை.

எத்தனாலுக்குத் தண்ணின்னா உசிரு. காத்துல இருக்கற ஈரத்தையும் இழுத்துக்கும். ஒரு காலன் பெட்ரோல்ல சுமார் நாலு டீஸ்பூன் தண்ணி வரைக்கும் கரைச்சு வச்சுக்கும். அதுக்கு மேல போனாலோ, குளிர் அதிகமானாலோ தாங்காது. தண்ணியும் எத்தனாலும் கைகோத்துக்கிட்டு பெட்ரோலை விட்டுப் பிரிஞ்சு அடியில இறங்கிடும். கார்புரேட்டர் உறிஞ்சறது அடியிலேர்ந்துதானே! அந்த வெள்ளைப் பூப்பு, உலோகத்தை அது அரிச்ச தடம்.

2010-ல் 15 சதவீதத்துக்கு அனுமதி கொடுக்க ஆரம்பிச்சப்ப, மோவர் தயாரிப்பாளர்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்குப் போட உங்களுக்குத் தகுதியில்லைன்னு தள்ளிடுச்சு. அவங்களுக்கு மிஞ்சினது பம்ப்ல ஒரு ஸ்டிக்கர்: படகுக்கும் தோட்ட இயந்திரத்துக்கும் இதைப் போடாதே. நான் அந்த ஸ்டிக்கர் முன்னாடி நூறு தடவை நின்னிருப்பேன், ஒரு தடவை படிச்சதில்லை.

இதெல்லாம் படிச்ச கையோட திண்டுக்கல்லுக்குப் போன் போட்டேன். நான் காலேஜ் போன பைக் அங்க திண்ணையோரமா நிக்குது.

"அப்பா, பைக்ல பெட்ரோல் இருக்கா?"

"இருக்குடா, நீ போன பொங்கலுக்கு வந்தப்ப ஃபுல் பண்ணினது அப்படியே இருக்கு. ஏன், வர்றியா?"

2025-ல் நம்ம ஊர்லயும் கலப்பு 20 சதவீதத்தைத் தொட்டாச்சு. மெக்கானிக்கைக் கூப்பிட்டு டேங்கையும் கார்புரேட்டரையும் வடிச்சிடச் சொன்னேன். வர்றியாங்கற கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடியலை.

இப்ப நான் ஒரு மாசத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கறேன். கேன் மேல தேதி எழுதி, இறுக்க மூடி, தண்ணி ஹீட்டர்லேர்ந்து தள்ளி, வெயில் படாத மூலையில வைக்கிறேன். இந்த அக்டோபர்ல கடைசி வெட்டு முடிஞ்சதும் இன்ஜின் தானா அணையற வரைக்கும் ஓட விடுறதா உத்தேசம்.

நேத்து பெரியவருக்கு நானே போன் பண்ணி உண்மையைச் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், புதுசா பெட்ரோல் எந்த பங்க்ல போடறேன்னு கேட்டார். சொன்னேன். அங்க வேண்டாம், ஊருக்கு வெளிய ஒரு பங்க்ல எத்தனால் கலக்காதது கிடைக்கும், காலனுக்குக் கொஞ்சம் விலை ஜாஸ்தி, அங்க போன்னார். அந்த ஆகஸ்ட் கேன் மட்டும் கடைசி நேர அவசரத்துல கார் பெட்ரோலைப் பிடிச்சதாம், அதனாலதான் தீர்த்துடுன்னு சொன்னாராம். அவர் விளைச்சதுல பாதி எத்தனால் ஆலைக்குத்தான் போச்சு. மத்தபடி இருபது வருஷமா அதுல ஒரு சொட்டைக்கூட மோவருக்குப் போட்டதில்லையாம்.