வாயிற் சொல்லின் வரலாறு

விழிஞ்ஞம் என்றதும் 2025 மே 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பெருந்துறைமுகம் பலர்க்கு நினைவு வரும். நமக்கோ அதன் பழங்கோட்டையே நினைவு வருகிறது. கடலை அகழியாக உடையது, பகைவர் புகற்கரியது என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதனைப் போற்றுகிறது. ஆயினும் பாண்டியன் நெடுஞ்சடையன் அதனை வென்றான்; பின்னர் இராசராசன் படையும் வென்றது.

மதில் எத்துணை உயரினும் வாயில் வேண்டும். வாயிலில் தம்மவரை அறியக் காவலர்க்கு ஒரு குறிச்சொல் வேண்டும். உரோமர் பாசறையில் அச்சொல் மரப்பலகையில் எழுதப்பெற்றுக் கைமாறிச் சென்றதைப் பொலிபியசு விரித்துரைக்கிறார். 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்தபோது, அக்குறிச்சொல் கடவுச்சொல்லாயிற்று. 1962இல் அங்கேயே ஓர் ஆய்வாளர் எல்லார் கடவுச்சொற்களையும் அச்சிட்டு எடுத்துவிட்டார்! காவல் அவ்வளவே.

பிற்காலத்து அஞ்சல் மென்பொருள்கள் நம் கடவுச்சொல்லைச் சேமித்து, நமக்காக வாயிலில் மொழிந்தன. 2022 மே 30 முதல் தனியார் கணக்குகளில் கூகுள் இம்முறையை நிறுத்தியது. அவ்வாண்டு அக்டோபரில் மைக்ரோசாஃப்டும் நிறுவன அஞ்சலில் நிறுத்தத் தொடங்கிற்று. ஊர்மடலும் வங்கிமடலும் உள்ளே கிடக்க, அயல் மாநிலத்தில் வாழும் நம்மவர் சரியான சொல்லையே பன்முறை தட்டியும் கணினி மீண்டும் கேட்டது. சொல்லில் பிழையில்லை, வாயிலின் விதி மாறிவிட்டது.

ஆதலின் மென்பொருளைப் புதுப்பித்து, மடல்களைப் படியெடுத்தபின் கணக்கை நீக்கி மீளச் சேர்த்தல் வேண்டும். அப்போது அஞ்சல் நிறுவனத்தின் பக்கமே திறக்கும்; அங்கு நாம் நுழைந்து ஒப்பினால், மென்பொருள் கடவுச்சொல்லுக்கு மாறாக ஓர் அனுமதிச் சீட்டைப் பெறும். பழைய மென்பொருளே வேண்டுவோர், கூகுள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, அதற்கெனத் தனியே 16 எழுத்துக் கடவுச்சொல் பெறலாம்.