கவாத்துத் துப்பாக்கியின் சாசனம்

பெரியகுளம் முதலான நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் தேசிய மாணவர் படையினர் தோளில் சார்த்திக் கவாத்துப் பழகிய, ஏறத்தாழ நான்கு கிலோ எடையுள்ள ‘திரீ நாட் திரீ’ துப்பாக்கி, தன் ஜாதகத்தைத் தன் மேனியிலேயே பொறித்து வைத்திருக்கிறது.

போல்ட்டின் கைப்பிடிக்குப் பின்னால், கட்டையின் கழுத்தை அணைத்து நிற்கும் இரும்பு வளையத்தின் வலப்புறத்தைத் துடைத்துப் பார்த்தால், உச்சியில் கிரீடமும், அதன்கீழ் ‘ஜி.ஆர்.ஐ.’ என்ற எழுத்துக்களும், கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையிலுள்ள இஷாப்பூர் தொழிற்சாலையின் பெயரும், வருஷமும், மாதிரியின் பெயரும் கிரமமாகப் புலப்படும். இங்கிலாந்தில் பிறந்தவற்றில் ‘ஜி.ஆர்.’ என்பதோடு நிற்பது, இங்கே சக்கரவர்த்திப் பட்டத்தைக் குறிக்கும் மூன்றாம் எழுத்தையும் பெற்றது. ஆனால் ஐந்தாம் ஜார்ஜுக்கும் ஆறாம் ஜார்ஜுக்கும் இவ்வெழுத்துக்கள் பொதுவாதலால், எவருடைய ஆட்சியில் பிறந்தது என்பதை வருஷமே தெளிவிக்க வேண்டும். மாதிரி எண்ணை அடுத்துள்ள சிறு நட்சத்திரமோ, 1907-இல் வந்த மூன்றாம் மாதிரியிலிருந்து சில உறுப்புக்களை, முதல் உலக மகாயுத்தத்தின் அவசரத்தில், 1916-இல் நீக்கிவிட்டதற்குச் சாட்சி.

1948 ஜூன் 22-இல், அந்த மூன்றாம் எழுத்து குறித்த இந்தியச் சக்கரவர்த்தி என்ற பட்டத்தை மன்னர் ஆறாம் ஜார்ஜ் துறந்தார். அடுத்த மாதம் தேசிய மாணவர் படை தொடங்கியது. நாடு குடியரசான பின் இஷாப்பூரில் செய்த துப்பாக்கிகளில், கிரீடம் இருந்த இடத்தில் அசோகரின் சிங்கங்கள் அமர்ந்தன.

ஆயினும் வளையத்து வருஷத்தை மட்டும் நம்பி முடிவு கட்டுவது ஆராய்ச்சிக்கு அழகன்று. பழுது பார்த்தவர்கள் குழலையும் கட்டையையும் மாற்றியிருக்கலாம். ஆதலால் உடல், போல்ட்டின் கைப்பிடி, குழல், முன்மூக்கு ஆகியவற்றிலுள்ள வரிசை எண்கள் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே, அது முழுமையாக ஒரே பிறப்பினதென்று துணிய வேண்டும்.

இறுதியில் இட்ட முத்திரை ‘டி.பி.’. சுடுவதற்குத் தகுதியிழந்து, தோட்டா அமரும் அறையில் துளையிடப்பெற்று, கவாத்துக்கென்றே ஒதுக்கப்பட்டதன் அடையாளம் அது. போருக்கெனச் செய்யப்பட்ட கருவி, ஓர் உயிரையும் பறிக்கவியலாத நிலையில், மாணவருக்கு ஒழுங்கைக் கற்பிக்கும் ஆசானாயிற்று. அதன் வாழ்வில் இதுவே சிறந்த பகுதி என்பது என் உறுதியான அபிப்பிராயம். இத்தகைய துப்பாக்கிகளைப் பாதுகாக்கும் பொறுப்பிலுள்ளோர், அவற்றைக் கழித்துக்கட்டுமுன், இம்முத்திரைகளை வரிசை பிறழாமல் பதிவேட்டில் எழுதி வைப்பது, தம் ஊரின் சரித்திரத்துக்குச் செய்யும் தொண்டாகும்.